ஆவாரை வாடவில்லை, தூங்குகிறது

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். திருச்சிக்கு வெளியே புது வீடு. தெற்கு மதிலை ஒட்டி நீளமாகக் கொஞ்சம் காலி இடம். தண்ணீருக்கு அலைய வைக்காத நம் ஊர்ச் செடியாக, வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும் என்று நர்சரியில் கேட்டு ஆறு ஆவாரங்கன்றுகள் வாங்கி நட்டீர்கள். குழியில் செம்மண்ணும் மட்கிய சாணமும் மண்புழு உரமும் நிறையப் போட்டீர்கள். காலையும் மாலையும் தண்ணீர். அப்படியும் பொழுது சாய்ந்தால் இலையெல்லாம் வாடித் தொங்கியது, அதனால் ராத்திரி இன்னொரு வாளி. இப்போது நாலு செடி மஞ்சளாகிக் கொட்டிவிட்டது, இரண்டு இழுத்துக்கோ பறித்துக்கோ என்று நிற்கிறது. ரோட்டோரம் சீந்த ஆளில்லாமல் தழைக்கிற செடி வீட்டில் ஏன் சாகிறது?

அந்த ராத்திரி வாளிதான் காரணம். ஆவாரை சாயங்காலம் வாடவில்லை, தூங்கப் போகிறது. புளி, அகத்தி, தகரை எல்லாவற்றையும் பொழுது இறங்கியபின் பாருங்கள், சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடிந்துகொள்ளும். ஆவாரையும் அதே சாதி வழக்கம். காலையில் வெயில் ஏறுவதற்குள் தானாக விரித்துவிடும். தாகம் என்றால் நேர்மாறாக இருக்கும்: விடிந்து ஏழு மணி ஆகியும் இலை விரியாமல் துவண்டே கிடக்கும், இளங்கொழுந்து தலை கவிழும். ஆகவே ஆவாரைக்குத் தண்ணீர் வேண்டுமா என்று பார்க்கிற நேரம் காலைதான். சாயங்காலம் பார்த்து முடிவெடுத்தால் தினமும் ஊற்றத்தான் தோன்றும்.

சந்தேகம் இருந்தால் ஒரு குச்சி போதும். தென்னை ஈர்க்கைவிடக் கொஞ்சம் தடித்ததாக எடுத்துச் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி அரையடி ஆழம் குத்தி எடுங்கள். குச்சியில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம். உங்கள் செத்த செடிகளில் ஒன்றைப் பிடுங்கியும் பாருங்கள். நல்ல வேர் என்றால் உள்ளே வெளுப்பாக, ஒடித்தால் படக்கென்று ஒடியும். அழுகியிருந்தால் பழுப்பாக, மேல்தோல் உறை மாதிரி கழன்று வரும், மோந்தால் சாக்கடை வாடை அடிக்கும். அழுகியதைத்தான் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இதில் நீங்கள் உரம் நிரப்பிய நடவுக் குழிக்கும் பங்கு உண்டு. புது வீட்டு மனைகளில் மேலே கொட்டியிருப்பது பெரும்பாலும் எங்கிருந்தோ வந்த கிராவலும் இடிபாடும், லாரி ஏறி இறங்கிக் கெட்டித்துப்போனது. அதில் ஒன்றரை அடிக் குழி எடுத்து, உள்ளே மட்டும் பொலபொலவென்று நல்ல மண்ணைப் போட்டால், அடியில் ஓட்டை இல்லாத தொட்டி ஒன்றைப் பூமிக்குள் புதைத்த மாதிரிதான். ஊற்றுகிற தண்ணீரெல்லாம் சுற்றுச் சுவரைத் தாண்ட முடியாமல் குழிக்குள்ளேயே தேங்கும். மேலே காய்ந்திருக்கும், கீழே சேறு. ரோஜாவே இதைத் தாங்காது, ஆவாரை எங்கே தாங்கும்?

அடுத்த குழியை இப்படி எடுங்கள். ஆழத்தைவிட அகலம் அதிகம் இருக்கட்டும். அடிப்பகுதியைக் கடப்பாறையால் நாலைந்து இடத்தில் இறக்கிக் கிளறிவிடுங்கள். வெட்டின மண்ணையே, செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டிகளைப் பொறுக்கிவிட்டு, திரும்பப் போடுங்கள். ரொம்பக் களியாக இருந்தால் மட்டும் ஆற்றுமணலோ சரளையோ மூன்றில் ஒரு பங்கு. சாணம் இரண்டு கை போட்டால் அதிகம். செடி நிற்கிற இடம் சுற்றுத் தரையைவிட நாலு விரல்கடை மேடாக இருக்கட்டும். தென்னைக்குக் கட்டுகிற மாதிரி வட்டப் பாத்தி கட்டி நடுவில் செடியை நட்டு வைக்காதீர்கள். முதல் வருஷம் பாத்தி வேண்டுமானால் செடியை மேட்டில் வைத்து, பாத்தியை ஒரு முழம் தள்ளி வெளிவட்டமாக எடுங்கள்.

நர்சரிக்காரர் தந்தது ஆவாரைதானா என்பதையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பூவென்றால் எல்லாமே ஆவாரை என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தாவரப் பெயர் சென்னா ஆரிகுலேட்டா, பழைய புத்தகங்களில் கேசியா ஆரிகுலேட்டா. 'ஆரிகுலேட்டா' என்றால் காதுள்ளது என்று பொருள். அந்தக் காதுதான் அடையாளம். இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் வட்டமான சின்னப் பச்சைச் செதில் காது மடல் மாதிரி தண்டைத் தழுவி நிற்கும், சீக்கிரம் உதிராது. காம்பில் ஒவ்வொரு சிற்றிலை ஜோடிக்கும் நடுவே நட்டுக்குத்தலாக ஒரு சின்னச் சுரப்பி இருக்கும், கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரியும். காய் தட்டையாக, காகிதம் மாதிரி மெல்லிசாக, காய்ந்தால் வெளிர்பழுப்பாகத் தொங்கும். பொன்னாவிரை, தகரை இரண்டும் இதற்குப் பங்காளிகள்தான், ஆனால் ஒரு மழைக்காலத்தோடு முடிந்துபோகிற களைச்செடிகள். சீமையகத்தி இலை அகலம், பூ மெழுகுவர்த்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

இந்தக் குடும்பத்தில் ஒன்றைத் தெரிந்தும் வாங்கிவிடாதீர்கள்: சென்னா ஸ்பெக்டபிலிஸ். பூத்தால் மரமே தெரியாமல் மஞ்சளாக இருக்கும், அழகில் குறையில்லை. ஆனால் அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. முதுமலைக் காட்டில் அது பரவி உள்ளூர்ச் செடிகளை நெருக்கியதால் வனத்துறை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது.

இனி நடவு. கன்று வாங்குவதைவிட விதை போடுங்கள் என்பேன். ஆவாரைக்கு ஆணிவேர் முக்கியம். மேலே நாலு இலை விடுவதற்குள் கீழே வேர் வெகுதூரம் இறங்கிவிடும். நர்சரியில் அரையடிக் கவரில் வருஷக்கணக்கில் கிடந்த கன்றுக்கு அந்த வேர் அடியில் சுருண்டு பின்னிப்போயிருக்கும். அதை நட்டால் மூன்று வருஷமானாலும் அந்தச் சுருளிலேயே நிற்கும், கோடையில் தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளத் தெரியாது. ரோட்டோரத்திலிருந்து பெயர்த்து வருவது அதைவிட மோசம். நானே கண்மாய்க் கரையில் முழங்கால் உயரத்துக்கு அழகாக நின்ற மூன்றைக் கடப்பாறை போட்டுப் பெயர்த்திருக்கிறேன். இரண்டடி தோண்டியும் வேர் முடியவில்லை, பொறுமை போய் இழுத்தேன், 'டப்'பென்று அறுந்தது. மூன்றும் வீட்டில் ஒரு வாரம் பச்சையாக இருந்து என்னை ஏமாற்றிவிட்டு, எட்டாம் நாள் ஒரே பகலில் கருகின.

விதை காசு கொடுத்து வாங்குகிற பொருளே இல்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைப் பக்கமோ திண்டுக்கல் பக்கமோ பத்து கிலோமீட்டர் போனால் தரிசில் நிற்கும். காய்ந்து பழுப்பான நெற்றாகப் பார்த்துப் பறியுங்கள். விரலால் தடவினால் வரிசையாக விதை தட்டுப்படும், ஒரு நெற்றில் பத்துக்கு மேல் இருக்கும். பொடிசாக ஓட்டை விழுந்த நெற்றை விட்டுவிடுங்கள், வண்டு தின்றிருக்கும். ஒரே செடியில் பறிக்காமல் ஏழெட்டுச் செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் நல்லது.

விதையை அப்படியே மண்ணில் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்பவர்கள்தான் அதிகம். மேல்தோல் அவ்வளவு கடினம், தண்ணீர் உள்ளே இறங்காது. காட்டில் வெயிலும் மழையும் மாறி மாறி அடித்து, ஒரு பங்கு இந்த வருஷம், ஒரு பங்கு அடுத்த வருஷம் என்று முளைக்கும். வீட்டில் அதற்குப் பதில் வெந்நீர். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, இரண்டு மூன்று நிமிஷம் ஆறவிட்டு, கிண்ணத்தில் இருக்கிற விதை மேல் ஊற்றி அப்படியே மூடி வைத்துவிடுங்கள். அடுப்பில் வைத்து விதையோடு கொதிக்க விடக் கூடாது, அது சுண்டல். காலையில் பார்த்தால் சில விதைகள் இரண்டு மடங்கு உப்பி மெத்தென்று இருக்கும், சில அப்படியே சரளைக்கல்லாகக் கிடக்கும். உப்பியதை அன்றைக்கே ஊன்றுங்கள். உப்பாததை உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும் நாலு தேய் தேய்த்து மறுபடி சாதாரணத் தண்ணீரில் ஊற வையுங்கள். தேய்த்த இடத்தில் நிறம் மாறினால் போதும், பருப்பு தெரியுமளவு தேய்க்க வேண்டாம்.

ஊன்றுகிற ஆழம் விதைப் பருமனுக்கு இரண்டு பங்கு. கவரில் போடுவதானால் அகலத்தைவிட உயரமான கவராகத் தேர்ந்தெடுங்கள், அடியில் ஓட்டை தாராளமாக இருக்கட்டும். இப்போது ஆடியில் கவரில் போட்டால் புரட்டாசிக் கடைசியில் நடுகிற பருவத்துக்கு வந்துவிடும். தமிழ்நாட்டுக்கு வருஷத்து மழையில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அதன் முதல் மழைக்கு முன்னால் செடி தரையில் இருந்தால், தை மாசத்துக்குள் வேர் தேவையான ஆழத்துக்குப் போய்விடும், உங்களுக்கு வேலை மிச்சம். கவரே வேண்டாம் என்றால் புரட்டாசியில் நேராகத் தரையிலேயே, ஒரு இடத்துக்கு மூன்று விதையாக ஊன்றி, முளைத்தபின் திடமான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

உங்கள் தெற்கு மதில் நல்ல இடம், ஆனால் மதிலுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உட்பக்கம் என்றால் மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாயும்போது மதில் நிழல் செடி மேலேயே விழும். குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். நிழலில் ஆவாரை சாகாது. நெட்டுக் குத்தலாக, குச்சி குச்சியாக வளர்ந்து, பூவே வைக்காமல் உங்களை வெறுப்பேற்றும். மதிலிலிருந்து மூன்றடியாவது தள்ளி நடுங்கள். தனிச் செடியாகப் புதர் கட்ட ஐந்தாறு அடி இடைவெளி, வேலியாகச் சேர வேண்டுமென்றால் இரண்டரை அடி. ஆள் உயரம் சாதாரணமாக வரும், விட்டால் இன்னும் போகும்.

தண்ணீர்க் கணக்கு இவ்வளவுதான். நட்ட பத்து நாள், மழை இல்லாவிட்டால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை வாளி. அப்புறம் மாசி வரை வாரம் ஒரு தடவை. முதல் கோடை, அதாவது பங்குனியிலிருந்து ஆனி வரை, வாரம் ஒரு வாளியை ஒரே தடவையாக நிதானமாக ஊற்றுங்கள். தினம் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டாம் கோடையில் மாசம் இரண்டு தடவை. மூன்றாம் வருஷத்திலிருந்து குழாயை எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. கத்திரி வெயிலில் அடி இலை கொஞ்சம் மஞ்சளாகி உதிரும், செடி தன் செலவைக் குறைக்கிறது, பதற வேண்டாம். ஒரு கோடை மழை விழுந்தால் பத்தே நாளில் மூடிக்கொண்டு வரும். போர்வெல் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் இது தாக்குப்பிடிக்கும். சொட்டுநீர் போட்டிருக்கிறீர்கள் என்றால் இந்த வரிசைக்கு மட்டும் தனி வால்வு வைத்து, மூன்றாம் வருஷம் மூடிவிடுங்கள். மல்லிகையோடு ஒரே குழாயில் கோத்தால் ஏதாவது ஒன்று போய்விடும்.

உரம் பற்றி ஒரு விஷயம். ஆவாரை பயறுக் குடும்பம்தானே, வேரில் முடிச்சு கட்டிக் காற்றிலிருக்கிற தழைச்சத்தைப் பிடிக்கும், பக்கத்துச் செடிக்கும் கிடைக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். சென்னா வகைச் செடிகள் பொதுவாக வேர்முடிச்சு கட்டுவதில்லை. ஆவாரந்தழையை வயலில் போட்டு மிதிப்பது நம் ஊரில், முக்கியமாகக் களர் நிலத்தில், பழைய வழக்கம். அங்கே சத்து வருவது தழை மட்கி, வேரிலிருந்து இல்லை. அதனால் வெட்டிய கொம்புகளை எரிக்காமல் நறுக்கி அடியிலேயே மூடாக்காகப் போடுங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. அதற்கு மேல் உரம் கொடுத்தால் கொழுகொழுவென்று கொழுந்து விட்டு, மாவுப்பூச்சியும் அதைப் பால் கறக்க வருகிற எறும்பும்தான் மிச்சம்.

கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, மட்டும் தவறாமல் செய்யுங்கள். செய்யாவிட்டால் நாலு வருஷத்தில் அடி மொட்டையாகி, மேலே மட்டும் குடை மாதிரி நிற்கும், அப்புறம் பார்க்கச் சகிக்காது. பூ புதுக்கிளை நுனியில்தான் வரும். ஆகவே ஆடி, ஆவணியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால், மழையில் கிளைத்துப் பொங்கலுக்குச் செடி முழுக்க மஞ்சளாக நிற்கும். கொங்குப் பக்கம் போகியன்றைக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் வேண்டும். அந்த வாரம் சந்தையில் கட்டு என்ன விலை விற்கும் என்று உங்களுக்கே தெரியும், பக்கத்து வீட்டார் எல்லாம் உறவு கொண்டாடுவார்கள். வயசான, அடி மொட்டையான செடியை முழங்கால் உயரத்துக்குத் துணிந்து வெட்டலாம், துளிர்த்துவிடும். கரும்பச்சையாகத் தழைத்த செடியைக் கத்தரிக்கோலால் சதுரமாக டிரிம் செய்வது மட்டும் வேண்டாம், பூமொட்டு அத்தனையும் போய்விடும்.

ஒரு காலத்தில் இதை வெட்டுவதே தொழிலாக இருந்தது. ஆவாரம்பட்டையில் துவர்ப்புச் சத்து அதிகம். சென்னை மாகாணத்துத் தோல் ஷாப்புகள் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதப்படுத்தியது இந்தப் பட்டையில்தான், அப்படிப் பதனிட்ட தோல் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போனது. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்கிற மரத்தின் பட்டை வந்து இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த வாட்டிலை நீலகிரியிலும் பழனி மலையிலும் நட்டு, அது இப்போது புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. தரிசில் சும்மா முளைத்துக் கிடந்த செடியை அப்போதே ஒழுங்காகப் பயிர் செய்திருக்கலாமோ என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

பூக்கத் தொடங்கினால் ஒரு காலையில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். மரத்தைத் துளைக்கிற பெரிய கருவண்டு ஒன்று வரும். பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பறக்காமலே 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம் போடும், பறக்கும்போது வருகிற சத்தத்தைவிட மெல்லிசாக, உச்ச ஸ்தாயியில். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் சம்பளம். அந்த மகரந்தமும் பைக்குள்ளே இருக்கிறது, பை நுனியில் ஒரு ஓட்டை மட்டும். வண்டு உடம்பை அதிர வைத்தால் உப்புப் புட்டியைக் கவிழ்த்து ஆட்டின மாதிரி தூள் கொட்டும். கத்திரிப் பூவிலும் இதே ஏற்பாடுதான். அதனால் ஆவாரைக்கு வருகிற வண்டு உங்கள் வீட்டுக் கத்திரிக்கும் வேலை செய்துவிட்டுப் போகும்.

இலையில் பச்சைப் புழு வந்தால் மருந்தடிக்காதீர்கள். வெளிறிய பச்சை கலந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சியும் சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் இதில் முட்டையிடும். சில கிளைகளை மொட்டையடிக்கும், இரண்டு வாரத்தில் மறுபடி தழைத்துவிடும். ஆடு மாடு பெரும்பாலும் வாய் வைக்காது, அதனால் மதிலுக்கு வெளியே கூட நடலாம்.

பூவைப் பறித்து உபயோகிக்கிறதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இலங்கையில் இதை ரணவரா என்று காய்ச்சிக் குடிக்கிறார்கள். தெலங்கானாவில் இது தங்கேடு, மாநில மலரே இதுதான், பதுகம்மா என்கிற பூத் திருவிழாவுக்குப் பூ அடுக்கும்போது இது இல்லாமல் நடக்காது. எங்கள் அப்பத்தா பாசிப்பருப்போடு பூவைப் போட்டுக் கூட்டு வைக்கும், காய்ந்த பூவைப் பயத்தமாவோடு அரைத்துக் குளிக்கத் தரும். வெயிலில் நடக்கிறவர்கள் தழையை ஒடித்துத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று பழமொழியே இருக்கிறது, சரிதான். ஆனால் பழமொழியை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. மாத்திரையோடு சேர்த்துத் தினமும் குடிப்பதானாலும் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், சர்க்கரை ரொம்ப இறங்கிவிட வாய்ப்பு உண்டு. பறிப்பது வீட்டுச் செடியில் இருக்கட்டும், நெடுஞ்சாலை ஓரத்துப் பூவில் புகையும் டயர்த் தூசியும்தான் அதிகம்.

கடைசியாக, தெருவில் போகிறவர்கள் கண்ணுக்கு மறைவாக ஆள் உயரத்துக்குத் திரை வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஆவாரை சரிவராது. எவ்வளவு கவாத்து செய்தாலும் இடையிடையே வெளிச்சம் தெரிகிற செடி இது. திரைக்கு விராலி வையுங்கள். விராலிமலைக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்கிறார்களே, அதே செடி. இலை பிசின் பூசின மாதிரி பளபளக்கும், கோடையிலும் உதிராது, கத்தரித்தால் அடர்ந்து சுவராக நிற்கும், வறட்சியில் ஆவாரைக்கு இளைத்ததில்லை. மதிலை ஒட்டி இரண்டடிக்கு ஒன்றாக விராலி ஒரு வரிசை, அதற்கு முன்னால் வெயில் படுகிற பக்கம் ஆவாரை நாலைந்து. மூன்றடி தள்ளச் சொன்ன இடம் இதற்குச் சரியாக இருக்கும்.

மிச்சமிருக்கிற இரண்டு செடிகளுக்கு இன்றையிலிருந்து தண்ணீரை நிறுத்துங்கள். வட்டப் பாத்தியை ஒரு பக்கம் உடைத்து வடிய விடுங்கள். குழி விளிம்பில் இரண்டு இடத்தில் கடப்பாறையை ஆழமாக இறக்கி ஆட்டி எடுங்கள், தேங்கியது இறங்க வழி கிடைக்கும். மஞ்சளான கிளையை வெட்டாமல் அப்படியே விடுங்கள். பதினைந்து நாள் கழித்துத் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் காய்ந்த நுனியை மட்டும் நறுக்கிவிட்டு, குச்சியில் மண் ஒட்டாமல் வருகிற வரை காத்திருந்து ஒரு வாளி ஊற்றுங்கள். பழுப்பு தெரிந்தால் பிடுங்கிவிட்டு, குழியை ஒரு மாசம் வெயிலில் திறந்து போட்டு, புரட்டாசியில் விதை ஊன்றுங்கள்.